டாக்சிக் கதையை எடுத்துவிட்டால் 1729-இல் என்ன இருக்கிறது?

கேள்வி இது: "1729 என்றாலே ஹார்டி, இராமானுஜன், டாக்சி. கதையை விட்டுவிட்டால் அந்த எண்ணில் கணிதமாக ஏதாவது இருக்கிறதா? அதுதான் மிகச் சிறியது என்பதைக் கணினி இல்லாமல் சரிபார்க்க முடியுமா?"

முடியும், அதுவும் அரைப் பக்கத்தில். (கதை தெரியாதவர்களுக்கு: நோயுற்றிருந்த இராமானுஜனைப் பார்க்க டாக்சியில் வந்த கணிதவியலாளர் ஹார்டி, அதன் எண் 1729 சுவாரசியமில்லாதது என்றார். இல்லை, இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே பதில் சொன்னார்.) அதற்கு முன் எண்ணைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

1729 = 7 × 13 × 19. மூன்றும் பகா எண்கள். அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே 6 வித்தியாசம். மூன்றில் எதை 6-ஆல் வகுத்தாலும் மீதி 1. இப்படி மீதி 1 தரும் பகா எண்களை வரிசையாக எழுதினால் முதல் மூன்று இடத்தில் வருபவை இவைதான் (அடுத்து வரும் 25 பகா எண் அல்ல, அதற்கடுத்தது 31). இன்னொரு பக்கம் 1729 = 12³ + 1. பன்னிரண்டடிமானத்தில் எழுதினால் 1001 என்று வரும். இந்த இரண்டு வரிகளையும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பெரும்பாலான பண்புகள் இவற்றிலிருந்து தானாகவே வருகின்றன. 1729 பற்றிய கட்டுரைகள் பலவும் பண்புகளைப் பட்டியல் போடுகின்றன, இந்த வேரைச் சொல்வதில்லை.

முதலில் கூற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மிகை முழு எண்களின் கனங்களின் கூடுதலாக, இரண்டு வெவ்வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 1729:

1³ + 12³ = 1 + 1728
9³ + 10³ = 729 + 1000

இதில் ஒரு சொல்லை விட்டாலும் கூற்று உடைந்துவிடும். "இரண்டு வழிகளில்" என்பதை விட்டால் விடை 1729 அல்ல, 2 தான் (1³ + 1³). "மிகை" என்பதை விட்டால் 91 முந்திக்கொள்ளும்: 3³ + 4³ = 27 + 64 = 91, 6³ + (−5)³ = 216 − 125 = 91. அந்த 91-உம் 7 × 13 தான், அதே குடும்பம். வினாடி வினாக்களில் "இரண்டு கனங்களின் கூடுதலாக எழுதக்கூடிய சிறிய எண்" என்று மொட்டையாகக் கேட்டுவிட்டு 1729-ஐ விடையாகத் தருவது இன்னும் நடக்கிறது. கேள்வியே தவறு.

இப்போது "மிகச் சிறியது" என்பதற்கான நிரூபணம். அ³ + ஆ³ = இ³ + ஈ³ என்று இரண்டு வெவ்வேறு ஜோடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எந்த முழு எண் ந-வை எடுத்தாலும் ந³ − ந = (ந−1) × ந × (ந+1). அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் என்பதால் இது 6-ஆல் வகுபடும். அதாவது ஓர் எண்ணையும் அதன் கனத்தையும் 6-ஆல் வகுத்தால் ஒரே மீதிதான். ஆகவே கனங்களின் கூடுதல் சமம் என்றால், அ+ஆ, இ+ஈ என்ற சாதாரணக் கூடுதல்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 6-இன் மடங்காகத்தான் இருக்கும். அது 0 ஆக முடியாது. ஏனென்றால் அ³ + ஆ³ = (அ+ஆ)³ − 3அஆ(அ+ஆ). கூடுதலும் கனக்கூடுதலும் ஒன்றாக இருந்தால் பெருக்கலும் ஒன்றாகிவிடும், ஜோடியும் ஒன்றாகிவிடும். ஆக வித்தியாசம் குறைந்தது 6.

அடுத்து, கூடுதல் ஒன்று தெரிந்தால் கனக்கூடுதலுக்கு ஒரு மேல்வரம்பும் ஒரு கீழ்வரம்பும் கிடைக்கும். 1-ஐ ஒரு பக்கமும் மீதி முழுவதையும் மறுபக்கமும் வைத்தால் கனக்கூடுதல் மிக அதிகம். சமமாகவோ கிட்டத்தட்டச் சமமாகவோ பிரித்தால் மிகக் குறைவு. பெரிய கூடுதலின் கீழ்வரம்பும், அதைவிட 6 குறைந்த கூடுதலின் மேல்வரம்பும் சந்தித்தால்தான் சமன்பாட்டுக்கு வழியே உண்டு. போட்டுப் பாருங்கள்:

கூடுதல் 15: குறைந்தது 7³ + 8³ = 855. கூடுதல் 9: அதிகம் 1 + 8³ = 513.
கூடுதல் 16: குறைந்தது 1024. கூடுதல் 10: அதிகம் 730.
கூடுதல் 17: குறைந்தது 1241. கூடுதல் 11: அதிகம் 1001.
கூடுதல் 18: குறைந்தது 1458. கூடுதல் 12: அதிகம் 1332.
கூடுதல் 19: குறைந்தது 9³ + 10³ = 1729. கூடுதல் 13: அதிகம் 1 + 12³ = 1729.

15-க்குக் கீழே போனால் விகிதம் இன்னும் மோசமாகும். வித்தியாசம் 12, 18 என்று கூடினால் சிறிய கூடுதலின் மேல்வரம்பு இன்னும் கீழே இறங்கும். பெரிய கூடுதல் 20-ஐத் தொட்டுவிட்டாலோ கனக்கூடுதலே 2000-க்குக் குறையாது. ஆகவே 1729-க்குக் கீழே எதுவும் இல்லை. கடைசி வரியைக் கவனியுங்கள்: இரு வரம்புகளும் முதல்முறை சந்திக்கும் இடத்தில் சரியாக ஒரே எண்ணில் முட்டுகின்றன. ஒன்று குறைந்திருந்தாலும் இந்த இடத்தில் விடை கிடைத்திருக்காது.

ஓர் எண்ணைக் கொடுத்து "இதை இரண்டு கனங்களாகப் பிரி" என்றால் எல்லாக் கனங்களையும் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. அ³ + ஆ³ = (அ+ஆ)(அ² − அஆ + ஆ²) என்பதால், அ+ஆ அந்த எண்ணின் வகுத்தியாகத்தான் இருக்க வேண்டும். 1729-இன் வகுத்திகள் எட்டு: 1, 7, 13, 19, 91, 133, 247, 1729. ஒவ்வொன்றையும் கூடுதலாக எடுத்து, அதன் வர்க்கத்திலிருந்து மறு காரணியைக் கழித்து, 3-ஆல் வகுத்தால் அஆ கிடைக்கும். கூடுதல் 13 என்றால் மறு காரணி 133. 169 − 133 = 36, மூன்றில் ஒன்று 12. கூட்டினால் 13, பெருக்கினால் 12: 1, 12. கூடுதல் 19 என்றால் மறு காரணி 91. 361 − 91 = 270, மூன்றில் ஒன்று 90. கூட்டினால் 19, பெருக்கினால் 90: 9, 10. கூடுதல் 7 என்றால் பெருக்கல் −66. அதற்கு 49 + 264 = 313 முழு வர்க்கமாக இருக்க வேண்டும், இல்லை. கூடுதல் 1 என்றால் தேவைப்படும் வர்க்கம் 2305. 48² = 2304, ஒன்றில் தவறுகிறது. 91-உம் அதற்கு மேலும் போனால் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் வந்துவிடும். ஆக எதிர்ம எண்களை அனுமதித்தாலும் 1729-க்கு இந்த இரண்டு வழிகள்தான்.

நிரல் எழுதித் தேடுபவர்கள் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, கனமூலத்தைப் பின்ன அடுக்காகக் கணக்கிடுவது. பைத்தானில் 1000-ஐ 1/3 அடுக்குக்கு உயர்த்தினால் 10 வராது, 9.999999999999998 வரும். மூன்றில் ஒன்றைக் கணினியால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாததே காரணம். அதை முழு எண்ணாக வெட்டினால் 9. 1729 − 729 = 1000 என்று சரியாக வந்தும், "கனம் அல்ல" என்று நிரல் தள்ளிவிடும். வெட்டாமல், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி, அதைத் திரும்பக் கனப்படுத்திச் சரிபார்க்க வேண்டும். இன்னும் நல்லது கனமூலத்தையே தொடாமல், ஜோடிகளின் கனங்களைக் கூட்டி ஓர் அகராதியில் (dictionary) போட்டு, இருமுறை வந்ததை எடுப்பது. இரண்டாவது சறுக்கல் எல்லை. 1 முதல் 17 வரை உள்ள எண்களை வைத்துத் தேடினால் 153 ஜோடிகள் வரும். அதில் கிடைக்கும் பட்டியல் 18³ = 5832 வரைக்கும்தான் முழுமையானது. அதற்கு மேல் உள்ள ஓர் எண்ணுக்கு 18-ஐயோ அதைவிடப் பெரியதையோ பயன்படுத்தும் வழி விடுபட்டிருக்கலாம்.

அப்படித் தேடினால் 1729-க்கு அடுத்து வருவது 4104 = 2³ + 16³ = 9³ + 15³. பிறகு 13832, இது 1729-இன் எட்டு மடங்கு, புதியதல்ல. பிறகு 20683 = 10³ + 27³ = 19³ + 24³. மூன்று வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் 8,75,39,319. 1957-இல் ஜான் லீச் கண்டது: 167³ + 436³ = 228³ + 423³ = 255³ + 414³. இவற்றிலும் மேலே சொன்ன 6-இன் விதி பொருந்துகிறதா என்று பாருங்கள்: 603, 651, 669. வித்தியாசங்கள் 48, 18.

அடுத்த பண்பு நடைமுறையில் இன்னும் முக்கியமானது என்பது என் கருத்து. 1729 ஒரு கார்மைக்கேல் எண், அதாவது பகா எண் வேடம் போடும் பகு எண்.

பெர்மாவின் சிறு தேற்றப்படி ப பகா எண் என்றால், ப-ஆல் வகுபடாத எந்த அ-வை எடுத்தாலும் அ-வின் (ப−1) அடுக்கை ப-ஆல் வகுக்க மீதி 1. இதைத் தலைகீழாக்கி, மீதி 1 வந்தால் பகா எண் என்று எடுத்துக்கொள்வதுதான் பெர்மா சோதனை. 1729-இடம் இந்தச் சோதனை தோற்றுவிடுகிறது. 1729-உடன் பொதுக்காரணி இல்லாத எந்த அ-வை எடுத்தாலும் 1728-ஆம் அடுக்குக்கு மீதி 1 தான். காரணம் இரண்டே வரி. 7, 13, 19 ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் 6, 12, 18. மூன்றும் 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன: 288, 144, 96. காரணி எதுவும் இருமுறை வராமல் இருந்து, ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் கழித்தது எண்ணில் ஒன்றைக் கழித்ததை வகுத்தால் அது இப்படிப்பட்ட எண். 1899-இல் கோர்செல்ட் தந்த நிபந்தனை இது. ஆர். டி. கார்மைக்கேல் 1910-இல் 561 என்ற எடுத்துக்காட்டைக் காட்டினார். வரிசை 561, 1105, 1729 என்று போகிறது. இவை முடிவின்றி இருக்கின்றன என்பது 1994-இல்தான் ஆல்ஃபோர்ட், கிரான்வில், பொமெரன்ஸ் மூவரால் நிரூபணமாகி வெளிவந்தது.

இங்கேதான் இரண்டு பண்புகளும் கைகோக்கின்றன. 1729-இல் ஒன்றைக் கழித்தால் 12³. அதில் 2-உம் 3-உம் மட்டும் ஏராளமாக இருக்கின்றன, ஆகவே 6, 12, 18 மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன. "1³ + 12³" என்று ஒரு பக்கம் டாக்சி எண் ஆக்கிய அதே 12³ தான் இங்கே பெர்மா சோதனையை ஏமாற்றுகிறது. 1939-இல் செர்னிக் இதைப் பொதுவாக்கினார்: 6க+1, 12க+1, 18க+1 மூன்றும் பகா எண்களாக அமைந்தால் அவற்றின் பெருக்கல் கார்மைக்கேல் எண். க = 1 போட்டால் 1729. க = 2 முதல் 5 வரை ஏதாவது ஒன்று பகு எண்ணாகிவிடும். க = 6 போட்டால் 37 × 73 × 109 = 2,94,409.

எவ்வளவு மோசமாக ஏமாறுகிறோம் என்பதையும் கணக்கிடலாம். 1 முதல் 1728 வரை 1729-உடன் சார்பகாவாக (பொதுக்காரணி இல்லாமல்) இருப்பவை 6 × 12 × 18 = 1296. அது 1728-இல் சரியாக முக்கால் பங்கு. குருட்டாம்போக்கில் ஓர் அடிமானத்தை (மேலே சொன்ன அ-வை) எடுத்தால் 75 சதவீதம் ஏமாற்றம். பத்து முறை சோதித்தும் பத்திலும் ஏமாற 5.6 சதவீத வாய்ப்பு இருக்கிறது. மாட்டினாலும்கூட, எடுத்த எண் தற்செயலாக 7, 13, 19-இல் ஒன்றின் மடங்காக இருந்ததால்தான் மாட்டுகிறது. காரணிகள் பெரிதாக இருக்கும் கார்மைக்கேல் எண்களில் அந்த அதிர்ஷ்டமும் கிடைக்காது.

ஆய்லர் பெயரில் வழங்கும் திருத்தம், அதாவது 1728-க்குப் பதில் அதன் பாதியான 864-ஆம் அடுக்கை எடுத்து மீதி 1 அல்லது −1 (அதாவது 1728) வருகிறதா என்று பார்ப்பது, 561-ஐயும் 1105-ஐயும் பிடித்துவிடும். 1729 அதிலும் தப்பிக்கிறது. எல்லா அடிமானங்களிலும் இப்படித் தப்பிக்கும் முதல் எண் இதுதான். 6, 12, 18-இன் மீச்சிறு பொது மடங்கு 36 என்பதால் 36-ஆம் அடுக்கிலேயே மீதி 1 வந்துவிடுகிறது, 864 = 36 × 24.

பிடிப்பது மில்லர்–ராபின் சோதனை. கையாலேயே செய்யலாம். 1728 = 64 × 27. எனவே 2-இன் 27-ஆம் அடுக்கில் தொடங்கி வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். 2¹² = 4096, மீதி 638. 2¹⁵ = 32768, மீதி 1646. அதை −83 என்று வைத்துக்கொள்வது வசதி. இரண்டையும் பெருக்கினால் −52,954, அதாவது மீதி 645. இதுதான் 2²⁷. வர்க்கப்படுத்துங்கள்: 645² = 4,16,025, மீதி 1065. மறுபடியும்: 1065² = 11,34,225. 1729 × 656 = 11,34,224. மீதி 1.

இப்போது 1729 மாட்டிக்கொண்டது. பகா எண்ணில் வர்க்கப்படுத்தி 1 வரவேண்டுமானால் முந்தைய மீதி 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும். இங்கே முந்தையது 1065. அதோடு நிற்கவில்லை, 1065 நமக்குக் காரணிகளையும் கொடுத்துவிடுகிறது. 1065² − 1 = 1064 × 1066, இது 1729-இன் மடங்கு. 1064-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133, 1066-க்கும் 1729-க்கும் 13. 133 × 13 = 1729. பொதுவாக இந்தச் சோதனை "பகு எண்" என்று மட்டும்தான் சொல்லும், காரணி தராது. இந்தக் குடும்பத்து எண்களில்தான் காரணியும் சேர்ந்து கிடைக்கிறது. மில்லர்–ராபினையும் ஏமாற்றும் அடிமானங்கள் 1728-இல் 162 மட்டுமே, பத்து சதவீதத்துக்கும் கீழே.

மீண்டும் 7, 13, 19-க்கு வருவோம். அ² + அஆ + ஆ² என்ற கோவைக்கு வடிவியல் பொருள் உண்டு: 120 பாகைக் கோணத்தை அடைக்கும் இரு பக்கங்கள் அ, ஆ என்றால் எதிர்ப்பக்கத்தின் வர்க்கம் அது. இந்தக் கோவையில் 1729 நான்கு வழிகளில் அமர்கிறது: (25, 23), (32, 15), (37, 8), (40, 3). கடைசியைச் சரிபார்த்தால் 1600 + 120 + 9. மிகை முழு எண்களை வைத்து நான்கு வழிகளில் இப்படி எழுதக்கூடிய மிகச் சிறிய எண்ணும் 1729 தான். காரணம் பழையதே. 3-ஆல் வகுத்து மீதி 1 தரும் பகா எண்கள்தான் இந்தக் கோவைக்குள் வழிகளைப் பெருக்கும். புதிதாக ஒன்று சேரும்போது வழிகள் இரட்டிக்கும். அப்படிப்பட்ட முதல் மூன்றைப் பெருக்கினால் 1729. கனங்களைப் பிரித்தபோது வந்த மறு காரணி அ² − அஆ + ஆ² இதன் உடன்பிறப்பு. 133 = 7 × 19, 91 = 7 × 13 என்று அங்கே இதே பகா எண்கள் வந்தது தற்செயல் அல்ல.

பத்தடிமான வேடிக்கைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்கு நான் அவ்வளவு மதிப்பு தரமாட்டேன். 1+7+2+9 = 19. திருப்பிப் போட்டால் 91. 19 × 91 = 1729. இலக்கக் கூடுதலையும் அதன் தலைகீழையும் பெருக்கி அதே எண் வருவது 1, 81, 1458, 1729 நான்குக்கு மட்டுமே. அழகாக இருக்கிறது, ஆனால் அடிமானத்தை மாற்றினால் மறைந்துவிடும்.

கடைசியாக, இராமானுஜன் அந்தக் கணத்தில் கண்டுபிடித்தாரா என்பது. இரு கூடுதல்களும் 1657-இலேயே பிரான்சின் ஃபிரெனிக்ள் த பெஸ்ஸி வெளியிட்டவை. இராமானுஜனின் குறிப்பேட்டிலும் அந்தச் சம்பவத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இது இருக்கிறது. அவருக்கு இது தனி எண் அல்ல, ஒரு தொடரின் உறுப்பு. அ³ + ஆ³ = இ³ என்பதற்கு மிகை முழு எண்களில் தீர்வு கிடையாது. ஆனால் ஒன்றே ஒன்றில் தவறும் தீர்வுகள் ஏராளம். 9³ + 10³ = 12³ + 1 அதில் ஒன்று. அவற்றை முடிவின்றி உற்பத்தி செய்யும் விதியையே அவர் எழுதி வைத்தார். தொடக்கம்:

1³ + 2³ = 2³ + 1
135³ + 138³ = 172³ − 1
11161³ + 11468³ = 14258³ + 1

அடுத்த உறுப்புக்கு விதி: கடைசி இரண்டையும் கூட்டி 82-ஆல் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழிக்க வேண்டும். முதல் நிரல்: 82 × (11161 + 135) − 1 = 9,26,271. மற்ற இரண்டும் 9,51,690, 11,83,258. கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் மாறி மாறி வரும், ஆகவே இங்கே −1.

இதே விதியைப் பின்னோக்கி ஒரு படி ஓட்டிப் பாருங்கள். 82 × (135 + 1) − 11161 = −9. 82 × (138 + 2) − 11468 = 12. 82 × (172 + 2) − 14258 = 10. அதாவது (−9)³ + 12³ = 10³ − 1. பக்கம் மாற்றினால் 12³ + 1 = 9³ + 10³. தொடரின் தொடக்கத்துக்கு ஒரு படி முன்னால் 1729 உட்கார்ந்திருக்கிறது. கென் ஓனோவும் சாரா டிரெபாட்-லெடரும் இந்தக் குறிப்புகளை ஆராய்ந்து, இதே அ³ + ஆ³ = இ³ + ஈ³ சமன்பாட்டின் வழியாக இராமானுஜன் தொட்டிருந்தது இன்று கே3 பரப்பு (K3 surface) என்று அழைக்கப்படும் ஒரு வகை வடிவியல் பரப்பு என்று காட்டினார்கள். அந்தப் பெயரை ஆந்த்ரே வைல் வைத்தது 1958-இல், இராமானுஜன் மறைந்து 38 ஆண்டுகள் கழித்து.